கண்டுஞ் செய்யாமை

திருச்சிற்றம்பலம்

சிவகாசிக்கு அணித்தாய எம். புதுப்பட்டியில் வாழும் சிவநேயச் செல்வர் ஒருவர் சின்னாட்கு முன் எமக்கு ஒரு வினா விடுத்தனர். அவர் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றிற் கணக்கெழுதுபவர்; வீட்டின் பின்புறத்து ஒரு பசுவைப் பேணுபவர்; வைகறையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து பூசை முடித்த பின்னரே பிறிதொன்று கருதுபவர். பூசை முடித்தபின் வேலைக்குச் செல்லும் வரையுள்ள சிறு பொழுதிற் கைப்பேசியில் ஒரு காட்சியை நோக்கும் வழக்கம் அண்மையில் அவர்க்கு உண்டாயிற்று. அமெரிக்கா முதலிய நாடுகளிற் குதிரை வளர்ப்போர் பலர் தம் கொட்டில்களிற் கேமராக்களைப் பொருத்தி, ஆங்கு நிகழ்வனவற்றை நிகழும்பொழுதே எவருங் காணுமாறு இணையத்தின் வழி விடுக்கின்றனர். நமக்குக் காலையாகும்பொழுது அந்நாட்டுக் கொட்டில்களில் இரவு. சினைமுற்றிய குதிரைகள் வைக்கோற் படுக்கையில் நிற்றலும் கிடத்தலும் எம். புதுப்பட்டித் திண்ணையிலிருந்தே அவர்க்குத் தோன்றின.

அவற்றுள் ஒரு கொட்டிலில் நின்ற குதிரை, விலா எலும்புகள் எண்ணத்தகுமாறு மெலிந்திருந்தது. மூலையிலிருந்த வாளி, அவர் நோக்கிய மூன்று நாளும் வறிதாகவே காணப்பட்டது. அக்காட்சியைத் தம்மோடொப்ப நோக்கியிருந்த அயல்நாட்டாருட் சிலர், 'இஃது உயிரைப் பேணாது விட்ட பாவம்' என்று எழுதினர். வேறு சிலர், 'உடையவர் அறியாததை நீவிர் அறிவீரோ?' என்று இகழ்ந்தனர். அன்பர் ஒன்றும் எழுதாது கைப்பேசியை மூடிவைத்து வேலைக்குச் சென்றனர். அன்று முழுவதும் அவர் மனம் கணக்கிற் செல்லவில்லை. 'யான் அவ்வுயிரை அடித்தேனல்லேன், கட்டினேனல்லேன், அஃது என் உடைமையுமன்று. பன்னாட்டுக்கும் கடலுக்கும் அப்பாலிருந்து கண்டது மாத்திரமே யான் செய்தது. கண்டதனால் எனக்குப் பாவம் உண்டோ? உண்டெனின், காணாதிருந்தால் அது நீங்குமோ?' என்பதே அவர் வினா.

வினாவிற் புகுமுன், இக்கருவியைக் கொட்டிலில் வைத்தது எற்றுக்கென அறிதல் வேண்டும். குதிரை ஏறக்குறையப் பதினொரு திங்கள் குட்டியைச் சுமப்பது. பெரும்பாலும் இரவிலேயே ஈனுவது. பனிக்குடம் உடைந்தபின் அரைமணி நேரத்திற்குள் குட்டி வெளிப்படல் வேண்டும். பிறந்த குட்டி ஒருமணி நேரத்தில் எழுந்து நிற்றலும், இரண்டுமணி நேரத்திற் பால் உண்ணுதலும், மூன்றுமணி நேரத்திற்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழுதலும் நலத்தின் அடையாளங்கள் என்பர் கால்நடை மருத்துவர். சீம்பாலிலுள்ள நோய்தடுக்கும் ஆற்றல் குட்டியின் குடலிற் சேர்வதும் பிறந்த முதல் நாளளவிலேயாம். இவற்றுள் ஒன்று பிழைப்பினும் தாயேனும் சேயேனும் இறத்தல் கூடும். ஈனும் இரவு இன்னதென்று முன்னறிதல் அரிது. பல இரவு உறங்காது காத்திருத்தலும் ஒருவர்க்கு இயலாது. ஆகலின் கொட்டிலைக் கேமராவாற் காட்டிவிட, எங்கெங்கோ விழித்திருப்போர் மாறிமாறி நோக்கி, ஈனுங்குறி கண்டவழி உடையவரைத் தொலைபேசியால் எழுப்புவாராயினர். இதனாற் பிழைத்த உயிர்களும் உள. எனவே இக்கருவியின் தோற்றம் அன்பினாலாயதே என்று கொள்க.

ஆயினும், குட்டி பிறத்தலைக் காட்டும் கருவி, தொட்டி வறிதாயிருத்தலையும் உடன் காட்டும். இங்கேதான் அன்பரின் வினா எழுகின்றது. அதனை மூன்றாகப் பகுத்துக் கொள்வாம். செய்யாமை பாவமாகுமோ என்பது ஒன்று. கண்டவன் அதற்கு உடந்தையாவானோ என்பது ஒன்று. கருவியின் வழிக் கண்டவன் பிறரைக் குற்றவாளியென்று துணியலாமோ என்பது ஒன்று.

முதலாவதை ஆராய்வாம். பாவம் என்பது செய்யப்படுவதொன்று என்றே உலகினர் கருதுவர். கொன்றான், அடித்தான், வைதான் என்று வினைச்சொல்லோடு சேர்த்தே அதனை அவர் பேசுப. 'யான் ஒன்றுஞ் செய்யவில்லையே' என்பான் தன்னைக் குற்றமிலனாகக் காட்டுதற்பொருட்டே அங்ஙனங் கூறுகின்றான். நம் சந்தானாசாரியருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியரோ, சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் இதம், அகிதம் என்னும் இரண்டிற்கும் இலக்கணம் வகுக்குங்கால், மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் உயிர்க்கு உறுதியாவதைச் செய்தலே இதமென்றும், அதனைச் செய்யாமையே அகிதமென்றும் உணர்த்தியருளினர். தீங்கு செய்தல் அகிதமென்பதை யாவரும் அறிவர். ஆசிரியர் அதனை எடுத்தோதாது செய்யாமையை எடுத்தோதியது ஊன்றி நோக்கற்பாலது. மேலும், உயிர்கட்குச் செய்த இதமும் அகிதமும் எல்லாவற்றையும் இறைவன் தானே ஏற்றுக்கொண்டு, அவற்றிற்கேற்ற இன்பதுன்பங்களைக் கூட்டுகின்றான் என்பதும் அவர் திருவுள்ளம். எனவே நீரின்றி நிற்கும் குதிரைக்கு நீர் வையாமை, அக்குதிரையோடு முடிவதன்று. உயிர்க்குயிராய் நிற்கும் பெருமானிடத்தே சென்று சேர்வதாம்.

நம் பாண்டிநாட்டு வரலாற்றிலேயே இதற்குப் பெரியதொரு சான்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் அராபிய, பாரசீகக் கரைகளினின்று குதிரைகளை வாங்கியவாற்றை எழுதிவைத்துள்ளார். ஓர் அரசன் ஆண்டொன்றுக்கு 2000 குதிரைகட்கு மேல் வாங்குவன் என்றும், அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குவரென்றும், ஆண்டு முடிவில் நூறுதானும் எஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுவர். பெரும்போர் நிகழ்ந்ததனால் அவை மாய்ந்தனவல்ல. குதிரையைப் பேணும் முறை அறியாமையும், குளம்பு திருத்தி இலாடம் பிணித்து நோய் தீர்க்க வல்லார் இன்மையுமே காரணம். குதிரை வணிகர், அத்தொழில் வல்லாரைத் தாமும் கொணர்வதில்லை. பிறரைச் செல்லவும் விடுவதில்லை. குதிரைகள் சாகச்சாக வணிகம் பெருகும் என்பது அவர் கருத்து. அயலான் எழுதியதிற் சிறிது மிகைபடக் கூறலும் இருக்கலாம். ஆயினும் கடல்கடந்து வந்த விலங்கு, தனக்கொவ்வாத வெயிலில், தனக்கொவ்வாத உணவை உண்டு, குளம்பு நோக்குவாரின்றி மாய்ந்ததென்பது நம்பத்தக்கதே. எவரும் வாளெடுத்து அவற்றை வெட்டவில்லை. பொன்னைக் கொட்டி வாங்கியவர் பேணுதலைச் செய்யவில்லை; அவ்வளவே. அச்செய்யாமையால் ஆண்டுதோறும் ஓராயிரத்தினும் மிக்க உயிர்கள் மாய்ந்தன.

பாண்டியர் குதிரை கொள்ளுதலென்றால் நமக்கு நினைவுக்கு வருவது மணிவாசகப் பெருமானின் வரலாறு. பெருமான் குதிரைச்சேவகனாகி மதுரைக்கு எழுந்தருளித் தான் கொணர்ந்த பரிகளை அரசனிடம் ஒப்புவித்த காலத்திற் கயிறு மாறுதல் என்னும் ஒரு சடங்கு நிகழ்ந்ததாகத் திருவிளையாடல் கூறும். விற்பவன் கையிலிருந்த கயிறு கொள்பவன் கைக்கு மாறும்; அவ்வளவில் அவ்வுயிரின் பொறுப்பும் மாறும். இஃது எத்துணை நுட்பமான வழக்கு! விலை கொடுத்தமையாற் பெற்றது உரிமை. கயிறு பற்றினமையாற் பெற்றது கடமை. கயிற்றைக் கையிற் கொண்டவன், 'யான் அடிக்கவில்லை' என்று கூறித் தப்புதல் இயலாது. கட்டப்பட்ட உயிர் தானே சென்று நீர் தேடமாட்டாதாகலின், அதற்கு நீர் தேடும் கால் கட்டியவனுடைய காலேயாம். இந்திய அரசு 1960-இல் இயற்றிய பிராணிகள் வதைத்தடுப்புச் சட்டமும் அடித்தலையும் வருத்துதலையும் மாத்திரம் குற்றமென்று நில்லாது, போதிய உணவும் நீரும் இருப்பிடமும் அளியாமையையும் குற்றமென வகுத்தது. முதற்குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. அரசின் தண்டம் சிறிதாயினும் குற்றம் சிறிதாகாது.

இவ்விடத்துச் சைவர் ஒன்றை மறத்தலாகாது. பதி, பசு, பாசம் என்று நாம் வழங்கும் முப்பொருட் பெயர்களும் கொட்டிலில் வழங்குஞ் சொற்களே. கட்டப்பட்ட விலங்கு பசு, கட்டிய கயிறு பாசம், உடையவன் பதி. நாம் யாவரும் ஆணவக் கயிற்றாற் பிணிப்புண்ட பசுக்கள். நம் பதி நம்மைக் கட்டுண்டபடியே விட்டு அயர்ந்திருப்பனாயின் நம் கதி என்னாகும்? அவன் ஒருபொழுதும் அயராது, நாம் உறங்கினும் தான் உறங்காது, நம் பக்குவம் நோக்கி உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் தந்து பேணுகின்றான் என்பதன்றோ நாம் கொண்ட துணிபு? அங்ஙனம் பேணப்படும் பசு ஒன்று, பிறிதொரு பசுவின் கயிற்றைத் தன் கையிற் பற்றிச் சிறு பதியாய் நிற்குங்கால், தான் பெறும் அருளிற் சிறிதேனும் அதற்குக் காட்டாதாயின், தன் பதியை அது அறிந்ததென்று எங்ஙனங் கூறுவது?

இனி, இரண்டாவது ஐயம். கயிறு பற்றியவன் கடமை விளங்கிற்று. கயிறு பற்றாது கண்டவன் நிலை யாது?

இதற்கு விடை காண, காட்டுதல் வேறு, காணுதல் வேறு என்பதை உணர்தல் வேண்டும். மெய்கண்ட தேவ நாயனார் சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்திற் கண்ணையும் உயிரையும் உவமையாக வைத்து இதனை விளக்கியருளினர். கண் தானே ஒன்றையும் அறியமாட்டாது. உயிர் உடனின்று காட்டவே அது காணும். உயிர் அங்ஙனங் கண்ணுக்குக் காட்டித் தானும் காணும். அதுபோலவே இறைவன் உயிருக்கு அறிவித்துத் தானும் உடனின்று அறிகின்றான். அவ்வுபகாரத்தை உணர்ந்த உயிர் மறவாத அன்பினால் அவன் திருவடியைச் சாரும் என்பது சூத்திரத்தின் முடிபு. காட்சியின் முடிவு அன்பாதல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது. கொட்டிலிற் பொருத்திய கேமராவோ காட்டும், காணாது. அது குட்டி பிறத்தலையும் காட்டும். குட்டி இறத்தலையும் காட்டும். இரண்டற்கும் ஒருபடித்தாகவே இருக்கும். அதன் காட்சி அன்பாக மாறுதல், அதனை நோக்குவான் ஓர் உயிரின் உள்ளத்திலேயே நிகழ்தற்குரியது. அவ்வுள்ளத்தும் அஃது அன்பாக மாறாதாயின், அவனும் அக்கேமராவைப் போல்வான்.

திருவாரூரில் மனுச்சோழன் வாயிலிற் கட்டிய மணியை நினைக. கன்றை இழந்த பசு கொம்பினால் அம்மணியை அசைத்தது. மணி ஒலித்தது, அவ்வளவே அதன் தொழில். மணிக்கு நீதியில்லை. ஒலி கேட்ட அரசன் அரியணையினின்று இழிந்து வாயிலுக்கு வந்தனனாகலின் அம்மணி நீதியின் கருவியாயிற்று. அவன் உள்ளிருந்தே, 'நன்று, மணி நன்கு ஒலிக்கின்றது' என்று இன்புற்றிருப்பனாயின் அது வெறும் வெண்கலம். இக்காலத்துக் கேமராவும் வாயில்லாத உயிரின் வாயிலிற் கட்டிய மணியே. ஆயிரவர் கேட்கும் மணியாயினமையின், 'ஒருவனேனும் எழுந்து செல்வான்' என்று ஆயிரவரும் இருந்துவிடும் இடர்ப்பாடும் இதில் உண்டு.

ஆகவே, கண்டவனுக்குப் பாவமுண்டோ எனின், காணுதல் பாவமன்று. கண்டபின் தன்னால் இயல்வதைச் செய்யாமை அகிதமாம். 'காணாதிருந்தாற் பாவமில்லையே' எனின், அதுவும் பொருந்தாது. அறியாமையாற் காணாதிருத்தல் வேறு. அறிந்துவிடுவோமென்றஞ்சிக் கண்ணை மூடுதல் வேறு. பின்னது தானே ஒரு செய்யாமை. புற இருள் பொருள்களை மறைப்பினும், 'இஃது இருள்' என்று தன்னையேனும் உணர்த்தும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் அறிவுறுத்திய உண்மை. இக்காலத்துக் கேமராக்கள் நள்ளிருளிலும் காட்டவல்லன. அவை நீக்குவது புற இருளையே. பேணாதவன் 'யான் பேணவில்லை' என்று உணராமையும், கண்டவன் 'எனக்கு ஒரு கடமையில்லை' என்று அமைதலும் எக்கருவியானும் நீங்கா.

மூன்றாவது ஐயமே மிகவும் கருதத்தக்கது. கண்டவன் பேசவேண்டுமெனின், கண்டதனைக் கொண்டு பிறரைப் பழித்தல் தகுமோ?

எம். புதுப்பட்டிக்கு அயலதாகிய சீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கோயிலைச் சார்ந்த யானை ஜெயமால்யதாவின் செய்தி பலரும் அறிந்தது. 2021 பிப்ரவரியில் மேட்டுப்பாளையத்தையடுத்த தேக்கம்பட்டியிற் கோயில் யானைகட்கு நடந்த நலவாழ்வு முகாமில், அவ்யானையைப் பாகரே பிரம்பால் அடித்ததும் அது வீறிட்டதும் ஒருவர் கைப்பேசியிற் பதிவாகி நாடெங்கும் பரவின. அறநிலையத்துறையும் வனத்துறையும் உடனே நடவடிக்கை எடுத்தன. அக்காட்சி இல்லையேல் அவ்வீறிடல் முகாமின் வேலிக்குள்ளேயே அடங்கியிருக்கும். கண்டவர் பேசியது அவ்வுயிர்க்கு இதமாயிற்று. பின்னர் 2022-இல் அதே யானையைக் குறித்து, அது பிறந்த அசாம் நாட்டிற்கும் தமிழ்நாட்டிற்கும் வழக்கு எழுந்தபோது, ஒருசாரார் அது துன்புறுவதாகக் காட்சிகளை வெளியிட்டனர். மற்றொருசாரார் அது நலமுற நீராடுவதாகக் காட்சிகளை வெளியிட்டனர். யானை ஒன்று, காட்சி இரண்டு. ஒவ்வொரு காட்சியும் தான் காட்டிய கணத்தளவில் மெய். யானையின் வாழ்நாளோ அக்கணங்களுள் அடங்குவதன்று.

குதிரைக் கொட்டிலிலும் இவ்வாறே. கேமரா ஒரு மூலையை நோக்கும். நீர்த்தொட்டி மற்றொரு மூலையில் இருத்தல் கூடும். குதிரை நின்றபடியே உறங்கவல்லது. அதனை அறியாதான், 'இரவெல்லாம் படுக்கவிடாது நிறுத்தினர்' என்பான். ஈனுங்காலம் அணுகியபோது இடுப்புத் தசை தளர்ந்து முதுகு குழிந்து தோன்றுவது இயல்பு. அதனை அறியாதான் பட்டினி என்பான். மறுதலையாக, உரோமம் அடர்ந்த குதிரை மெலிந்திருந்தும் கொழுத்ததுபோலத் தோன்றும். குளம்பின் அடி அழுகுதலும், பல் கூர்த்து வாய் புண்படுதலும், படுக்கை நனைந்து மூக்கைக் கரிக்கும் நாற்றம் எழுதலும் எந்தக் கேமராவிலும் தோன்றா. கழுத்துத் தோலை விரலாற் பற்றி விட்டு, அது விரைவில் மீளாமை கண்டு உடலில் நீர் குறைந்ததென அறிவர் மருத்துவர். அதற்கு விரல் வேண்டும். எனவே தொலைவிற் காண்பான் இல்லாத குற்றத்தைக் காணவுங் கூடும். உள்ள குற்றத்தைக் காணாதொழியவுங் கூடும். உயிரின் அறிவு எக்காலத்தும் கருவியின் அளவிற்றே என்பது நம் சித்தாந்தம். தன் அறிவு சிற்றறிவு என்று மறந்து, முற்றுங் கண்டான்போலத் தீர்ப்புரைப்பவன், ஓர் உயிர்க்கு இரங்கப்புக்கு மற்றோர் உயிர்க்கு அகிதஞ் செய்கின்றான். பழிச்சொல்லும் வாக்கின் வினையே.

அற்றேல், பேசாதிருத்தலே தக்கதோ எனின், அற்றன்று. பழித்தல் வேறு, வினவுதல் வேறு. 'தங்கள் குதிரையின் வாளி மூன்று நாளாக வறிதாகத் தோன்றுகின்றது. நீர் வேறிடத்து உண்டோ?' என்பதில் அறியாமையை ஒப்புக்கொள்ளலும் உண்டு. உயிரின்பால் அன்பும் உண்டு. விடை வாராதவழியும், விடை பொருந்தாதவழியும், அந்நாட்டில் அதற்கென அமைந்த அதிகாரிகட்கும் கால்நடை மருத்துவர்க்கும் நேரிற் சென்று நோக்குமாறு அறிவித்தல் கடன். ஆங்குச் சென்று தொட்டுப் பார்ப்பவர் துணிக. தொலைவிலிருந்து காண்பவர் அறிவிக்க. இதுவே முறை.

இனித் தடைகள் இரண்டைக் கருதுவாம்.

'அவ்விலங்கு தன் முன்வினையை நுகர்கின்றது. இடைப்புகுதற்கு நீ யார்?' என்பார் சிலர். நம் சமயத்தின் பெயராற் கூறப்படுவதாகலின் இதற்கு விடை கூறியே தீர்தல் வேண்டும். அதன் வினையை அதற்குக் கூட்டுவிப்பவன் இறைவன்; அப்பொறுப்பை அவன் நமக்கு ஒப்புவித்தானல்லன். நம்முன் நிற்பது நம் வினையே. நீர் வைத்தால் இதம், வையாவிடின் அகிதம். அதன் துன்பம் அதன் வினையாயின், அதனைக் கண்டு வாளாவிருந்தது நம் வினையாய் நம்மைத் தொடரும். மேலும், அவ்வுயிர் நீர்பெறும் நல்வினையும் உடையதாயிருந்து, அதனை ஊட்டுங் கருவியாக இறைவன் நம் கண்ணை அதன்பாற் செலுத்தியிருப்பின் என் செய்வது?

'மனிதர்க்கே இரங்காத உலகிற் குதிரைக்கு இரங்குதல் எற்றுக்கு?' என்பார் வேறு சிலர். இவ்வினாவை எம். புதுப்பட்டியார் கேட்டற்கு உரிமையுடையர். 2023 அக்டோபர் 17-ஆம் நாள் அவ்வூர்ப் பக்கத்து ரெங்கபாளையத்திற் பட்டாசு வெடித்தெழுந்த தீயிற் பெண்டிர் பலர் உட்படப் பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். அத்துயரை நேரிற் கேட்ட ஊரில் இருந்துகொண்டு அயல்நாட்டுக் குதிரையின் வாளியைப் பற்றி ஆராய்தல் சிலர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும் ஊன்றி நோக்குக. பட்டாசுச் சாலைகளில் நேரும் விபத்துக்கள் பலவற்றின் வேர் யாது? அறையொன்றில் அளவுக்கு மேற்பட்டோரை இருத்தாதொழிக என்றால் ஒழியாமை. உராய்வைத் தடுக்கும் விரிப்பினை இடுக என்றால் இடாமை. மருந்து மீந்ததை உரிய இடத்துச் சேர்க்க என்றால் சேர்க்காமை. எவனும் கொல்லக் கருதவில்லை, செய்யவேண்டியதைச் செய்யவில்லை. கொட்டிலின் வறிய வாளியும் சாலையின் இடாத விரிப்பும் ஒரே செய்யாமையின் இரண்டு முகங்கள். ஒன்றைக் கண்டு கூசுங்கண் மற்றொன்றைக் கண்டும் கூசப் பழகும். ஒன்றைக் கண்டும் அமைந்திருக்கப் பழகிய கண் மற்றொன்றிலும் அமைந்திருக்கும். இரக்கம் பங்கிட்டாற் குறையும் பொருளன்று.

கண்டதைச் செய்தவாறாக மாற்றிய அடியார் ஒருவரை இவ்விடத்து நினைதல் தகும். சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் சிறுவர், ஆனிரை மேய்ப்பான் ஒருவன் தன்னை முட்டவந்த ஈற்றுப்பசுவைக் கோலால் அடித்தலைக் கண்டனர். அப்பசு அவருடையதன்று, மேய்ப்பானும் அவர் ஏவலனல்லன். அவர் உள்ளம் பதைத்தது. அது மனத்தின் தொழில். அவனை விலக்கிப் பசுவின் பெருமையை எடுத்துரைத்தனர். அது வாக்கின் தொழில். பலர் அவ்வளவில் அறஞ்செய்துவிட்டதாக மகிழ்ந்து வீடு திரும்புவர். அவரோ, 'இனி இந்நிரையை யானே மேய்ப்பேன்' என்று கோலையும் கயிற்றையும் தாமே கைக்கொண்டனர். அது காயத்தின் தொழில். நல்ல புல்லுள்ள இடந்தேடி மேய்த்து, நீரூட்டி, நிழலிற் சேர்த்து, பொழுதறிந்து வீடு சேர்த்தனர். நிரை கொழுத்துப் பால் சொரிந்தது. அப்பாலே மண்ணியாற்றங்கரை மணலிலிங்கத்திற்குத் திருமஞ்சனமாகி, அவரைச் சண்டீசப் பதத்தில் உய்த்தது. அவர் சிவபூசை, அடிபட்ட ஒரு பசுவைக் கண்ட கண்ணிலே தொடங்கிற்று என்பதை நாம் நினைப்பதில்லை. பெருமானும் தாயை இழந்த பன்றிக்குட்டிகளைக் கண்டு, இரங்கியதோடு அமையாது, தானே தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டினான் என்பது மதுரைத் திருவிளையாடல். அருளின் காட்சி இத்தன்மைத்து.

தொலைவிற் காண்பானுக்குக் காயத்தால் உதவுதல் இயலாது. அவனுக்கு மனமும் வாக்குமே உள. ஆகலின் மனத்தால் இரங்குதலும், வாக்கால் மெய்யும் இன்சொல்லுமாக அறிவித்தலும் அவன் கடன். அவ்விரண்டும் செய்தவழி அவன் அகிதத்தினின்று நீங்குவன். கயிறு பற்றியவனுக்கு மூன்றும் உள. அவன் மூன்றானும் செய்தல் வேண்டும். கேமராவைக் கொட்டிலில் வைத்துவிட்டு, 'ஊரெல்லாம் பார்க்கின்றது. யான் உறங்கலாம்' என்பானாயின், அவன் கயிற்றை எவர் கையிலும் கொடாதே கைவிட்டவனாவன். காண்பவர் பலராதல் பேணுபவன் ஒருவனுக்கு ஈடாகாது. மூன்றும் இயலும் அண்மையிலுள்ள உயிரை விட்டு, மனமும் வாக்குமே இயலும் சேய்மையிலுள்ள உயிருக்கு உருகுவதோடு ஒருவன் அமைவானாயின், அவன் இரக்கம் தனக்கு எளிதாய இடத்தைத் தேர்ந்துகொண்டதென்றே கொள்ளப்படும்.

இக்கருத்துக்களை அன்பர்க்கு எழுதி விடுத்தோம். அவர் அக்குதிரையை உடையவர்க்கு, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்திற் பணிவாக ஒரு வினா எழுதினர். மறுநாள் விடை வந்தது. குதிரை தன் வாயால் அழுத்தியவுடன் நீர் சுரக்கும் கிண்ணம் ஒன்று, கேமராவின் பார்வைக்கப்பால் சுவரிற் பொருத்தப்பட்டுள்ளதாம்; வாளி தீவனத்திற்குரியதாம். நீரைப் பற்றிய ஐயம் நீங்கிற்று. விலா எலும்பைப் பற்றி அவர் வினவியதற்கு விடை வரவில்லை. ஆகலின் அதனை மருத்துவர் நோக்குமாறு அந்நாட்டு விலங்குநலக் கழகம் ஒன்றிற்கு அறிவித்துள்ளார். முடிவு இன்னும் தெரிந்திலது. தம்மால் இயன்றது அவ்வளவே என்றும், முன்போல் மனம் உறுத்தவில்லை என்றும், எனினும் அக்குதிரையை மறக்க இயலவில்லை என்றும் எழுதியுள்ளார். மறவாமை நன்றே.

அவர் திருமுகத்தின் இறுதியில் ஒரு செய்தி இருந்தது. 'காலையில் அக்கொட்டிலை நோக்குதலை யான் விட்டிலேன். ஆயின் கைப்பேசியை எடுப்பதன்முன் பின்புறஞ் சென்று எம் பசுவின் தொட்டியை நோக்குகின்றேன். முன்னரெல்லாம் அதனை வீட்டிலுள்ளாரே நோக்கிக்கொள்வர் என்றிருந்தேன். இரண்டு நாள் அது வறிதாயிருக்கக் கண்டேன்' என்பது அது.

திருச்சிற்றம்பலம்